திங்கட்கிழமையைப் பாருங்கள்

அரையாண்டு விடுமுறை, பொங்கல், கோடை நாட்களில் வரும் குடும்பப் படங்களின் வசூலைப் பற்றி கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

ஒரே படத்துக்கு போஸ்டரில் 100 கோடி, யூடியூபில் 62 கோடி, விநியோகஸ்தர் பேட்டியில் 30 கோடி. யார்தான் பொய் சொல்கிறார்கள்?
– வாசகர், மஞ்சக்குப்பம்

மூவருமே உண்மை சொல்லியிருக்கலாம். ஆளுக்கொரு கணக்கைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

போஸ்டரில் போடுவது உலகம் முழுக்க வந்த கிராஸ். டிக்கெட்டுக்கு நீங்கள் கொடுத்த பணம் வரியோடு சேர்த்து அப்படியே அதில் இருக்கும். யூடியூபில் வந்தது பெரும்பாலும் இந்திய நெட், அதாவது வரி போக மிச்சம். விநியோகஸ்தர் சொன்னது ஷேர்: நெட்டில் தியேட்டர்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு அனுப்பியது. அதுவும் அவர் வாங்கிய ஏரியாவுக்கு மட்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 500 இருக்கை, நாளுக்கு 4 காட்சி, வரிக்கு முன் டிக்கெட் 120 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வெள்ளி முதல் திங்கள் வரை 4,060 டிக்கெட் போனால் கிராஸ் 5,74,896 ரூபாய், நெட் 4,87,200 ரூபாய். நெட்டில் 60 சதவீதம் விநியோகஸ்தருக்கு என்று ஒப்பந்தம் இருந்தால் ஷேர் 2,92,320. உள்ளாட்சிக் கேளிக்கை வரியை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கையில் நிற்பது இன்னும் குறையும். கிராஸில் ஏறக்குறைய பாதிதான் ஷேர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும், போஸ்டர் பயமுறுத்தாது.

வரி விகிதத்தையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. பழைய படத்தின் நெட்டையும் புதுப் படத்தின் நெட்டையும் ஒப்பிடும்போது இந்தத் தேதி இடையில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆன்லைனில் பதிவு செய்யும்போது பிடிக்கும் சேவைக் கட்டணம் எந்தக் கணக்கிலும் வராது.

முதல் நாள் கூட்டமே இல்லை, படம் அவுட் என்று எழுதிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு போனால் டிக்கெட் இல்லை. எதை நம்புவது?
– வாசகி, லாஸ்பேட்டை

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பார்த்ததை நம்புங்கள்.

ரசிகர்கள் முதல் காட்சிக்கு ஓடுவார்கள். குடும்பம் அப்படி ஓடாது. நாலு பேர் போக வேண்டும், டிக்கெட், பாப்கார்ன், வண்டிச் செலவு எல்லாம் கூட்டினால் ஆயிரத்தைத் தொடும். பக்கத்து வீட்டில் யாராவது பார்த்துவிட்டு ‘நல்லா இருக்கு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாம்’ என்று சொல்லும் வரை காத்திருக்கும். அந்தப் பேச்சு பரவ இரண்டு நாள் ஆகும். அதனால் முதல் நாள் வசூலை வைத்துக் குடும்பப் படத்தை எடைபோடுவது, அரிசி கொதிக்கும் முன்னே சோறு பதம் பார்ப்பது மாதிரி.

பார்க்க வேண்டியது திங்கட்கிழமை. அன்றைய டிக்கெட் எண்ணிக்கையை வெள்ளிக்கிழமையின் எண்ணிக்கையால் வகுங்கள். மேலே சொன்ன தியேட்டரில் வெள்ளி 760, சனி 1,100, ஞாயிறு 1,500, திங்கள் 700 என்று வைத்துக்கொள்வோம். 700-ஐ 760-ஆல் வகுத்தால் 0.92. பள்ளி நடக்கும் சாதாரண வாரமாக இருந்தால் இது பிரமாதம். அப்போது வெள்ளியின் பாதி வந்தாலே படம் நிற்கிறது என்று சொல்லலாம். விடுமுறை வாரத்தில் அளவுகோல் மாறும். திங்களும் பிள்ளைகளுக்கு லீவுதானே? அப்போது வெள்ளிக்குச் சமமாகவாவது வர வேண்டும். 0.7-க்குக் கீழே போனால் பேச்சு நன்றாக இல்லை என்று அர்த்தம்.

எந்தக் காட்சி நிரம்புகிறது என்பதும் முக்கியம். மேட்னியும் மாலைக் காட்சியும் நிரம்பி, செகண்ட் ஷோ காற்று வாங்கினால் கவலை வேண்டாம், குடும்பங்கள் வருகின்றன. செகண்ட் ஷோ மட்டும் நிரம்பினால் வருவது இளைஞர் கூட்டம். அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

2025 மே 1 அன்று பெரிய நட்சத்திரப் படத்தோடு ஒரே நாளில் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ சிறிய அளவில் தொடங்கி, இரண்டாம் வாரத்தில் பெருகியது இப்படித்தான். அதே ஆண்டு ஜூலையில் வந்த அனிமேஷன் படம் ‘மகாவதார் நரசிம்மா’ முதல் நாள் இந்தியாவில் 2 கோடிகூட எடுக்கவில்லை; முடிவில் 200 கோடியைத் தாண்டியது. முதல் நாளன்றே தீர்ப்பு எழுதியவர்கள் இரண்டையும் தவறவிட்டார்கள்.

டிக்கெட் செயலியில் இருக்கை வரைபடத்தைப் பார்த்துக் கணக்கெடுக்கிறேன். சரியா வருமா?
– கல்லூரி மாணவர், பண்ருட்டி

ஓரளவு வரும், சில இடங்களில் ஏமாற்றும். மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன.

சிங்கிள் ஸ்கிரீன்களில் கவுண்டருக்கென்று சில வரிசைகளை ஒதுக்கிவிடுவார்கள். அவை செயலியில் விற்றுப்போனது போலவே சாம்பல் நிறத்தில் தெரியும். இதைத் தெரிந்துகொள்ள முன்பதிவு திறந்த முதல் பத்து நிமிடத்தில் ஒருமுறை வரைபடத்தைப் பாருங்கள். அப்போதே ஒரே சீராகச் சாம்பலாக இருக்கும் வரிசைகள் ஒதுக்கீடு. அவற்றைக் கணக்கிலிருந்து கழியுங்கள். பிறகு காட்சிக்குப் பத்து நிமிடம் முன்பு மறுபடி பாருங்கள். காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு அன்றைய கணக்கு என்று எழுதக் கூடாது.

இரண்டாவது, ஒரே தியேட்டர் இரண்டு மூன்று செயலிகளில் விற்கும். இருக்கை வரைபடம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒன்றே. இரண்டையும் கூட்டினால் இரட்டிப்பாகிவிடும்.

மூன்றாவது, பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் குடும்பங்கள் நேராகக் கவுண்டருக்கு வருவது இன்னும் உண்டு. செயலியில் 30 சதவீதம் தெரிந்தால் உள்ளே 60 இருக்கலாம். வாகனம் நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிப்பவரிடம் விசாரித்தால் சரியான பதில் கிடைக்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஒரே தியேட்டரை, ஒரே காட்சியை, ஒரே நேரத்தில் தினமும் குறித்து வாருங்கள். மொத்தத் தொகை தப்பாக வந்தாலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தப்பாது. உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

கடைசி 24 மணி நேரத்தில் இத்தனை ஆயிரம் டிக்கெட் என்று புக் மை ஷோ காட்டுகிறதே, அது நம்ம ஊர்க் கணக்கா?
– வாசகர், வில்லியனூர்

இல்லை. நாடு முழுக்க அந்த ஒரு தளத்தில் விற்றது. தினமும் ஒரே நேரத்தில் குறித்தால் போக்கு தெரியும்.

கடலூரும் புதுச்சேரியும் ஒரே ஏரியாவா? வேறு மாநிலமாயிற்றே!
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

சினிமா வியாபாரத்தின் வரைபடம் தனி. தென்னார்க்காடு மாவட்டம் 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சியும் தனியாகப் போனது. விநியோகஸ்தர் பேச்சில் இன்றும் ‘சவுத் ஆற்காடு’தான், பாண்டியும் அதோடு சேர்த்தே விற்கப்படும். வட ஆற்காடு, செங்கல்பட்டோடு சேர்த்து மொத்தமாக என்.எஸ்.சி. என்பார்கள். காரைக்கால் மட்டும் திருச்சி–தஞ்சாவூர் ஏரியாவோடு போகும். ஆகவே ‘புதுச்சேரி வசூல்’ என்று யாராவது தனியாக ஒரு தொகை சொன்னால், எங்கிருந்து பிரித்தார் என்று கேளுங்கள்.

ஏரியா ஒன்றானாலும் இரண்டு விஷயம் ஒத்துப்போகாது. தமிழ்நாடு அரசின் டிக்கெட் விலை ஆணையும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் எல்லை தாண்டிச் செல்லாது. அதனால் இரண்டு ஊரின் வசூலையும் ரூபாயில் ஒப்பிடாமல் டிக்கெட் எண்ணிக்கையில் ஒப்பிடுங்கள். இரண்டாவது பள்ளி விடுமுறை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, கடலூரில் மாநிலப் பாடத்திட்டம். விடுமுறை தொடங்கும் நாளும் முடியும் நாளும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடலூரில் மேட்னி நிரம்பும் நாளில் பாண்டியில் காலியாக இருந்தால், படத்தைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு ஊர்ப் பள்ளி நாட்காட்டியையும் பாருங்கள்.

பொங்கல் வாரத்தில் எந்த நாளை எந்த நாளோடு ஒப்பிடுவது?
– வாசகி, நெய்வேலி

கிழமையை மறந்துவிட்டுப் பண்டிகை நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். போன ஆண்டுப் பொங்கலன்று வந்ததை இந்த ஆண்டுப் பொங்கலோடும், மாட்டுப் பொங்கலை மாட்டுப் பொங்கலோடும் வையுங்கள். பொங்கலன்று காலையில் வீட்டில் பானை பொங்கும் நேரம்; காலைக் காட்சி மெலிந்தால் அது படத்தின் குற்றமில்லை. காணும் பொங்கலன்று பகலில் சில்வர் பீச்சில் பாதிக் கூட்டம் இருக்கும், மாலைக் காட்சிக்குத்தான் திரும்பும்.

நம்ம பக்கத்துக்கென்றே இன்னொன்று உண்டு: தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரைக்கு ஊரே போய்விடும். மாநில அளவிலான பட்டியலில் அன்று படம் நன்றாகத் தெரிந்து, கடலூரில் பகல் காட்சிகள் இறங்கினால் காரணம் அதுதான்.

டிசம்பரில் மழையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது, சரியாக விடுமுறை வாரத்தில். அப்படிப்பட்ட வாரத்தின் தொகையை எந்தப் படத்தோடும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

பண்டிகை நாளில் ஐந்தாவது காட்சிக்குத் தமிழ்நாட்டில் தனி அனுமதி கொடுப்பார்கள். நேற்று 4 காட்சி, இன்று 5 என்றால் மொத்தம் தானாக ஏறும். காட்சிக்கு எத்தனை டிக்கெட் என்று வகுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு வரும் ஆங்கிலக் குழந்தைப் படங்கள் அமெரிக்காவில் ‘சுமாரான தொடக்கம்’ என்று செய்தி வருகிறது. பிறகு பார்த்தால் பெரிய வெற்றி. எப்படி?
– ஆசிரியை, கடலூர் முதுநகர்

அங்கும் அதே கதைதான், அளவு பெரிது. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை பள்ளிகள் மூடியிருப்பதால் செவ்வாயும் புதனும்கூடச் சனிக்கிழமை மாதிரி நடக்கும். மொத்த வசூலை முதல் வார இறுதியின் வசூலால் வகுத்தால் வருவது பெருக்கம். கோடையில் வரும் பெரிய படத்துக்கு அது இரண்டரை, மூன்று இருக்கும். 2024 டிசம்பர் 20-இல் வந்த ‘முஃபாசா’ வட அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் சுமார் 3.5 கோடி டாலர். முடிவில் 25 கோடிக்கு மேல். ஏழு மடங்கு! 2017 டிசம்பரில் வந்த ‘தி கிரேட்டஸ்ட் ஷோமேன்’ முதல் வார இறுதியில் 88 லட்சம் டாலர்தான். ஓடி முடித்தபோது 17.4 கோடி. ஏறத்தாழ இருபது மடங்கு.

டிசம்பர் 24 அன்று தொகை சரியும், பயப்பட வேண்டாம். அன்று மாலை வீட்டில் கொண்டாட்டம் என்பதால் தியேட்டருக்குக் கூட்டம் குறையும். ஞாயிற்றுக்கிழமை வெளியாகும் வார இறுதித் தொகையில் ஞாயிறு என்பது மதிப்பீடு. திங்கட்கிழமை வரும் இறுதித் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யு சான்றிதழ் இருந்தால் வசூல் கூடுமா?
– வாசகர், சிதம்பரம்

தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்குக்கு யு சான்றிதழ் அவசியமாக இருந்த காலத்தில் அதற்குத் தனி மதிப்பு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அது போயிற்று. இப்போது யுஏ-வில் 7, 13, 16 என்று வயதுப் பிரிவு போடுகிறார்கள். யுஏ 16+ என்று போட்டால் சின்னப் பிள்ளைகளை அழைத்துவரப் பெற்றோர் தயங்குவார்கள், அடிபடுவது மேட்னி.

‘ஹிட்’ என்று எப்போது சொல்லலாம்?
– வாசகர், விழுப்புரம்

யாருக்கு ஹிட் என்று முதலில் கேட்க வேண்டும். ஒருவர் சவுத் ஆற்காட்டை எம்.ஜி. (மினிமம் கேரண்டி, அதாவது வசூல் குறைந்தாலும் கொடுத்த தொகை திரும்பாது) அடிப்படையில் 1 கோடிக்கு வாங்கி, விளம்பரத்துக்கு 5 லட்சம் செலவழித்தார் என்று வைப்போம். வாரத்துக்கு வாரம் பங்கு விகிதம் இறங்கும் என்பதால் சராசரி 55 சதவீதம் என்று எடுத்தால், 1.05 கோடி ஷேர் வர ஏறத்தாழ 1.91 கோடி நெட், அதாவது 2.25 கோடி கிராஸ் வேண்டும். அதைத் தாண்டினால் அவருக்கு லாபம். அதே படத்தை இன்னொரு ஏரியாவில் அதிக விலைக்கு வாங்கியவர் நஷ்டப்பட்டிருக்கலாம். அட்வான்ஸ் முறையில் எடுத்தவருக்கு, கொடுத்த பணத்தைவிட ஷேர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் திரும்ப வர வேண்டும், கமிஷன் முறை என்றால் நஷ்டம் தயாரிப்பாளர் தலையில். வாங்கிய விலை தெரியாமல் வசூலை மட்டும் வைத்து ஹிட் என்று சொல்ல முடியாது.

படம் ஓட்டத்தை முடித்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, முதலியார்பேட்டை

புதன் அல்லது வியாழன் மாலை, அடுத்த வெள்ளிக்கான முன்பதிவு திறக்கும்போது காட்சி நேரத்தைப் பாருங்கள். மாலைக் காட்சி கையில் இருந்தால் படம் உயிரோடு இருக்கிறது. காலைக் காட்சி ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தால் தியேட்டர்காரர் கைகழுவிவிட்டார். பெரிய திரையிலிருந்து சின்னத் திரைக்கு மாற்றி நாலு காட்சியும் வைத்திருந்தால் நல்ல அறிகுறி. இருக்கை குறைந்ததால் வசூல் இறங்கியது போலத் தெரியும், ஆனால் அரங்கு நிரம்பும்.

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடுகின்றன. மூன்றாம் வாரத்தில் அந்தத் தேதி அறிவிப்பு வந்த நாளிலிருந்தே குடும்பக் கூட்டம் கரையத் தொடங்கும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைக் கடைசிப் பெரிய நாளாகக் குறித்துக்கொள்ளுங்கள்.