டிக்கியைத் திறக்கச் சொன்னால் திறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஹூஸ்டனில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். குடும்பத்தோடு சவுத் பாட்ரே தீவுக்குப் போய்விட்டு வரும் வழியில், டெக்சாஸுக்குள்ளேயே இருக்கும் சரிட்டா சோதனைச் சாவடியில் பார்டர் பேட்ரோல் (எல்லைக் காவல் படை) அதிகாரி நிறுத்தி, "எல்லோரும் அமெரிக்கக் குடிமக்களா?" என்று கேட்டார். அப்புறம் டிக்கியைப் பார்க்கலாமா என்றார், திறந்து காட்டினேன். நாங்கள் மெக்சிகோ பக்கமே போகவில்லையே. மறுத்திருக்கலாமா?

பதில்: தாராளமாக மறுத்திருக்கலாம். ஆனால் "பார்த்துக்கோங்க சார்" என்று நாம் மரியாதைக்குச் சொல்வது சட்டப்படி சம்மதம். அதற்குப் பிறகு வழக்காடப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

எல்லையிலிருந்து "நியாயமான தூரம்" வரை வண்டிகளில் ஏறி, குடியேற்ற அனுமதி இல்லாதவர்களைத் தேடலாம் என்கிறது சட்டம். அந்தத் தூரம் 100 மைல் என்று 1953-இல் விதி போட்டார்கள். கடற்கரையும் எல்லைதான் என்பதால் உங்கள் ஹூஸ்டன் வீடே இதற்குள் வந்துவிடும்! அதற்காக இந்த 100 மைலுக்குள் எதையும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. நிரந்தரச் சாவடியில் சந்தேகமே இல்லாமல் எந்த வண்டியையும் நிறுத்திச் சில கேள்விகள் கேட்கலாம், ஓரங்கட்டச் சொல்லியும் விசாரிக்கலாம் என்றது 1976-இல் உச்ச நீதிமன்றம். வண்டியைச் சோதிப்பது வேறு கதை. அதற்கு உங்கள் சம்மதமோ, குற்றம் நடந்திருக்கிறது என்று நம்பத் தகுந்த காரணமோ வேண்டும் என்று அதற்கு முந்தைய வருடமே சொல்லிவிட்டது. பயிற்சி பெற்ற மோப்ப நாய் வண்டியைக் காட்டிக்கொடுத்தால் பொதுவாக அந்தக் காரணம் கிடைத்துவிடும்.

மறுப்பதென்றால் "ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். மீறித் திறந்தால் கையை நீட்டித் தடுக்காதீர்கள். செல்போனுக்கும் இதே பதில்தான். வெளிநாட்டிலிருந்து விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது மட்டும் நிலைமை தலைகீழ்; அங்கே பெட்டியைத் திறக்க யாரும் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லை.

டிக்கியை விட எனக்குக் கவலை தருவது அந்த முதல் கேள்விதான். பின்னால் வண்டிகள் நிற்கும் அவசரத்தில் எல்லோருக்கும் சேர்த்து "யெஸ்" என்று தலையாட்டிவிடாதீர்கள். குடியுரிமை இல்லாதவர் தனக்கு அது இருப்பதாகச் சொல்வது பிற்காலத்தில் கிரீன் கார்டுக்கே நிரந்தரத் தடையாகலாம். அதற்கு விலக்கு கிடைப்பது குதிரைக்கொம்பு. "நானும் மனைவியும் விசாவில் இருக்கிறோம், குழந்தை இங்கே பிறந்தது" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

18 வயதோ அதற்கு மேலோ ஆன வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். தவறினால் அபராதம், 30 நாள் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. உங்கள் இருவருக்கும் அது ஐ-94, அதாவது அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு. இன்றைக்கே அச்செடுத்து ஆளுக்கொன்றாகப் பையில் வையுங்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், கடற்கரைக்குத்தானே போகிறோம் என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.