தூசிக்காக ஒரு வார்த்தை

கேள்வி: சூரியனைப் போன்ற ஓர் இளம் நட்சத்திரத்தைத் தூசியும் வாயுவும் சூழ்ந்திருக்கும் படத்தைப் பார்த்தேன். இந்தக் குப்பையெல்லாம் விலகி அது எப்போது பளிச்சென்று தெரியும்?

பதில்: குப்பையா? அந்த வார்த்தையை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தூசி என்றாலே நமக்கு இளக்காரம். பிடிக்காதவரைக் ‘கால் தூசு பெறமாட்டான்’ என்கிறோம். எதிராளி நமக்குத் ‘தூசு மாதிரி’. மறந்துபோன கோப்பைத் ‘தூசு தட்டி’ எடுக்கிறோம். தூசிக்காகப் பரிந்து பேச ஆளே இல்லை. நான் பேசுகிறேன். நாம் நிற்கும் இந்தப் பூமியே அப்படிப்பட்ட தூசியில் திரண்டதுதான்.

அதுவும் அங்கே தூசி கொஞ்சம்தான். எடையில் நூறு பங்கு வாயு என்றால் தூசி ஏறக்குறைய ஒரு பங்கு. ஆரம்பத்தில் புகைத்துகள் அளவுக்குப் பொடிசு. மெல்ல உரசி, ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுபோலத் திரண்டு, கூழாங்கல் அளவுக்கு வளரும். கூழாங்கல் எப்படி மலையளவுப் பாறையாகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை.

ஓவியர் வரைந்த கற்பனையைப் புகைப்படம்போல அச்சிடும் பத்திரிகைகளோடு எனக்குப் பல வருடச் சண்டை. ‘ஓவியம்’ என்று ஓரத்தில் ஒரு வார்த்தை போட்டால் என்ன? ஆனால் 2014-இல் வந்த ஒரு படம் ஓவியத்தையே தோற்கடித்தது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆல்மா தொலைநோக்கி எடுத்தது. ரிஷப விண்மீன் கூட்டத்தில், சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் எச்.எல். டாரி என்ற நட்சத்திரம். சாதாரண ஒளியில் பார்த்தால் அதைச் சூழ்ந்த தூசி மேகம் மறைக்கும். ஆல்மா பிடித்தது அந்தத் தூசியே வெளியிடும், கண்ணுக்குத் தெரியாத மில்லிமீட்டர் அலைகளை. இசைத்தட்டில் கோடு விழுந்த மாதிரி, நட்சத்திரத்தைச் சுற்றித் தூசியும் வாயுவும் பரந்து ஒளிரும் தட்டில் வட்டவட்டமாகக் கருப்பு இடைவெளிகள்! உருவாகிவரும் கோள்கள் அந்த இடத்தைக் காலி செய்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

அந்த நட்சத்திரத்தின் வயது சுமார் 10 லட்சம் ஆண்டு. சூரியன் மாதிரி நட்சத்திரத்தின் ஆயுள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு. நூறு வருடம் வாழ்கிறவருக்கு நாலு நாள்கூட ஆகாத பருவம். ‘இளம்’ போதாது, பச்சிளம் என்று சொல்லுங்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பெரும்பாலும் ஒரு கோடி ஆண்டுக்குள் தட்டு கரைந்துவிடும். ஒரு பகுதியை நட்சத்திரமே விழுங்கும், ஒரு பகுதியை அதன் கதிர்வீச்சு ஊதித் தள்ளும், மிச்சம் கோள்களுக்கு. நம் சூரியனுக்கும் இதெல்லாம் நடந்து முடிந்தாயிற்று. 1969-இல் மெக்சிகோவில் ஆயெந்தே என்ற ஊர்ப்பக்கம் விழுந்த விண்கல்லை வெட்டிப் பார்த்தால், கருத்த கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். கண்ணுக்கே தெரியும் அளவு. வயது ஏறக்குறைய 456 கோடி ஆண்டு. சூரியனைச் சுற்றியிருந்த தட்டில் முதன்முதலாகக் கெட்டிப்பட்டவை அவை.