விளக்கை அணைத்துவிட்டுச் சொன்ன செபமாலை

வாசகர் கேள்விகளும் ரீச்சரின் பதில்களும்

கேள்வி: ரீச்சர், நான் யாழ்ப்பாண நகரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள். காலை நாலரைக்கு எழும்பிச் சமைத்து, சாப்பாடு கட்டி, ஏழரை மணிப் பள்ளிக்கூடத்துக்கு அவர்களை அனுப்பிவிட்டு நானும் பஸ் பிடிக்க வேண்டும். பின்னேரம் ரியூசன், வீட்டுப்பாடம். கணவர் வீட்டுக்கு வர இரவு எட்டரை ஆகும். எங்கள் வீட்டில் குடும்பச் செபமாலை நின்று மூன்று மாதமாகிறது. "கடவுளுக்குக் கொடுக்க ஒரு அரை மணித்தியாலம் இல்லையா?" என்று மாமி கேட்கிறார். அவர் கேட்பது சரிதான். ஆனால் எந்த அரை மணித்தியாலத்தைக் கொடுப்பது என்று தெரியவில்லை. மனம் குத்துகிறது.
– ஒரு வாசகி, கொழும்புத்துறை

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்து நானும் எண்ணிப் பார்த்தேன். உங்கள் நாளில் அரை மணித்தியாலம் சும்மா கிடக்கவில்லை. இல்லாததைத் தேடி மனதை வருத்த வேண்டாம்.

அரசர்கள் இரண்டாம் நூலில், 4ஆம் அதிகாரத்தில், சூனேம் ஊரில் ஒரு பெண் வருகிறார். இறைவாக்கினர் எலிசா அந்த வழியால் போகும்போதெல்லாம் அவருடைய வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஒருநாள் அந்தப் பெண் கணவரிடம், மேலே சின்னதாக ஓர் அறை கட்டி, ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு வைத்துவிடுவோம், வரும்போது தங்கட்டும் என்கிறார். மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொல்லும்போது அந்த நாலு சாமானையும் பிள்ளைகளை விரல் மடக்கி எண்ணச் சொல்வேன். அந்தப் பெண் மாளிகை கட்டவில்லை. இருந்த வீட்டின் மேலேயே ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். எலிசாவும் வந்து அதில் படுத்தார்.

என் அம்மாவுக்கு அந்தச் சின்ன அறை தேங்காய் திருவலைதான். விடியப்புறம் புட்டுக்குத் தேங்காய் திருவ உட்காருவார். ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிய, கையிலிருக்கும் பாதியைக் கொஞ்சம் திருப்புவார். பத்தாவது திருப்பத்தில் வெள்ளை முடிந்து சிரட்டை தட்டுப்படும். அதற்கு மேல் திருவினால் தூள் விழுந்து புட்டுக் கறுக்கும் என்று நிறுத்திவிடுவார். பாதித் தேங்காய்க்குச் செபமாலையில் ஒரு பத்து மணி. கையில் செபமாலை இருக்காது, பால் வழிந்த விரல்கள்தான். எனக்குச் செபம் பழக்கியது அந்தச் சத்தம்.

நீங்களும் நாலரைக்கு எழும்புகிறீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் கதைக்க மாட்டார்கள். இடியப்பம் அவியும் நேரமோ, சாப்பாடு கட்டும் நேரமோ, ஒன்றைப் பிடித்து இது அவருக்கு என்று வைத்துவிடுங்கள். நாளுக்கு நாள் மாற்றாதீர்கள். மாற்றினால் நிற்காது, நான் பட்டு அறிந்தது. நண்பகல் கோயில் மணி கேட்டால் திரிகால செபத்தை மனதுக்குள் சொல்லலாம். இரண்டு நிமிடம் போதும். முன்னால் ஆள் நின்றால், அவரை அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள்.

இனிக் குடும்பச் செபமாலை. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போனது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு எரித்த காலம். எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. வீட்டுப் பிள்ளைகள் படித்து முடிந்ததும் அம்மா விளக்கை ஊதி அணைத்துவிடுவார். "மணி விரலுக்குத் தெரியும், வெளிச்சம் எதற்கு?" என்பார். இருட்டிலே இருந்து ஐம்பத்து மூன்று மணியும் சொல்வோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, போரால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டோம். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் படுத்தோம். ஒரு மூலையில் குழந்தை அழும், இன்னொரு மூலையில் வயதானவர் இருமுவார். அங்கே முழுச் செபமாலை சொல்ல முடியவில்லை. அம்மா முதல் நாள் ஒரு பத்து மணியோடு எழும்பிவிட்டார். மிச்சம்? "நாளைக்கு அடுத்த பத்து" என்றார். ஐந்து இரவில் ஒரு செபமாலை முடிந்தது. ஆறாம் இரவு புதிதாகத் தொடங்கினோம். உங்கள் வீட்டிலும் இப்படித் தொடங்கலாம், பிள்ளை. இரவுக்கு ஒரு பத்து, நாலைந்து நிமிடம். கணவர் வர முதல் பிள்ளைகளுக்குக் கண் சொக்கினால், அவருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மாமியோடு மனம் கோணாதீர்கள். அவரையே முன்னின்று சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் அவர் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் அடுப்படியிலிருந்து பதில் பாதியைச் சொல்லுங்கள். குரல் வந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு ஒரு பின்னேரம், செபமாலை முடிந்து மன்றாட்டு மாலை சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் படலையடியில் வந்து நின்றார். கையைக் காட்டி, பொறுக்கச் சொன்னேன். முடித்துவிட்டுப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என் சைக்கிளைக் கேட்க வந்திருக்கிறார். வேறொருவர் ஏற்றிப் போனார், பிள்ளை சுகமாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கை காட்டியது இன்றும் என்னை உறுத்துகிறது. ஏழைகளுக்காகச் செபத்தை இடையில் விட்டுப் போக நேர்ந்தால், அது கடவுளை விட்டுக் கடவுளிடமே போவது என்று புனித வின்சென்ட் தே பவுல் தம் கன்னியருக்குச் சொல்லியிருக்கிறார். அதை நான் பிந்தித்தான் படித்தேன். உங்கள் பிள்ளை நடுச் செபத்தில் தண்ணீர் கேட்டால் எழும்பிப் போய்க் கொடுங்கள்.

கேள்வி: கைபேசியில் விவிலியம் வாசிப்பது செபமாகுமா?
– உயர்தர மாணவன், சுண்டுக்குளி

பதில்: ஆகும், தம்பி. வாசிக்கும் நேரம் மட்டும் இணைய இணைப்பை நிறுத்திவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு வசனத்தைக் கொப்பியில் கையால் எழுதுங்கள்.

கேள்வி: நான் இரவில் கடலுக்குப் போகிறவன். கரைக்கு வந்தால் மீன் பிரிப்பு, வலை வேலை, பிறகு நித்திரை. ஞாயிறு பூசையில் கண் மூடிப் போகிறது. எனக்கெல்லாம் கடவுளோடு இருக்க நேரம் ஏது?
– பாசையூர் வாசகர்

பதில்: தம்பி, லூக்கா 5ஆம் அதிகாரத்தை எடுங்கள். இரவு முழுக்கப் பாடுபட்டும் மீன் இல்லை. விடிந்து வலை அலசிக்கொண்டிருக்கிறார்கள். உங்களைப் போலவே களைத்த ஆட்கள். அந்த நேரம் பார்த்துத்தான் இயேசு சீமோனின் படகில் ஏறுகிறார். வலையை விட்டுவிட்டுக் கோயிலுக்கு வா என்று சொல்லவில்லை. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளச் சொல்லிவிட்டு, அந்தப் படகிலேயே இருந்து போதிக்கிறார். படகுக்குள் இருக்க ஓர் இடம்தான் அவர் முதலில் கேட்டது. வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் உங்களுக்கு இருக்கிறது. அந்த நேரத்தில் அவரோடு கதையுங்கள், வீட்டு நிலவரம், கடன், எல்லாவற்றையும்.

இரவு வேளை கடவுளுக்குப் புதிதில்லை. 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்தபோது ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தார்கள். சில்லாலையில் தங்கி, ஒளித்து ஒளித்து, இரவில்தான் எங்கள் முன்னோருக்குப் பூசை வைத்தார்.

பூசையில் நித்திரை வருகிறதென்றால், சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போங்கள். திருச்சபைச் சட்டப்படி அது ஞாயிறுக் கடமையை நிறைவேற்றும். குளித்துவிட்டு, கடலுக்கு இறங்க முதல் போகலாம். நேரத்தைப் பங்குத் தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.