படகு எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தாச்சு. திரும்பக் கோக்கும்போது எதில் அதிகம் தவறு நடக்கும்?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது 6 சிலிண்டர் டீசல் எஞ்சின். கிராங்கு (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுற்றலாக மாற்றும் தண்டு) அரைத்து வந்துவிட்டது, லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை), பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிதாக வாங்கியாச்சு. மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று வாரம் இருக்கிறது. ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு தானே கோக்கலாமா என்கிறார்.

தாராளமாகக் கோக்கலாம். மூன்று வாரம் போதும், கடைசி வாரத்தில் அவசரப்படாமல் இருந்தால்.

நான் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைப் பக்கம். சித்தப்பாவுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில் எங்கே பார்த்தாலும் எஞ்சின் வேலைதான். அதில் எட்டு வருடமாகக் கை வைத்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, மெக்கானிக்குக் கூடமாட நிற்பவன். பார்த்ததை, கெடுத்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கரையில் அதிகம் பார்க்கக்கூடிய அசோக் லேலண்ட் எஞ்சின் லாரி எஞ்சினின் உடன்பிறப்புதான். உள்ளே இருக்கும் சாமான் பெரும்பாலும் ஒன்று. ஆனால் லாரியில் ஒரு சந்தேகம் வந்தால் அடியில் படுத்து ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பார்த்துவிடலாம். போட்டில் சம்ப்புக்கும் அடிப்பலகைக்கும் நடுவே கை நுழைவதே கஷ்டம். ஒரு பேரிங்கைப் பார்க்க வேண்டும் என்றாலும் மேல்தளப் பலகையை எடுத்து, செயின் பிளாக் போட்டு, எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். அதனால் நான் எல்லா வேலையையும் ஒரே கணக்கில்தான் பார்ப்பேன்: தப்பு என்று பிறகு தெரிந்தால் எவ்வளவு பிரிக்க வேண்டும்? டேப்பட் (வால்வு இடைவெளி) தப்பானால் மேல்மூடி மட்டும். டீசல் பீய்ச்சும் நாசில் தப்பானால் ஒரு பைப். கிராங்கு, மெயின் பேரிங், ஆயில் வழி இதில் தப்பானால் மொத்தமும். உங்கள் நேரத்தில் பாதியை அந்த அடிப்பகுதிக்கே கொடுங்கள்.

முதலில் ஆயில் வழி. லேத்திலிருந்து கிராங்கு வரும்போது "கழுவிட்டோம்" என்றுதான் சொல்லிக் கொடுப்பார்கள். நம்பாதீர்கள். அரைத்த தூள் கிராங்கின் உள்ளே போகும் சாய்ந்த துளைகளில் தங்கும். மெல்லிய நைலான் பிரஷ்ஷை விட்டு டீசலால் கழுவி, காற்று அடித்து, வெளியே வருவதை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். எங்களுக்கு முதல் கிண்ணம் மை மாதிரி கறுப்பாக வந்தது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்றது. நாலாவது கிண்ணம்தான் டீசல் நிறத்தில் வந்தது. அந்த நறநறப்பு புது பேரிங்கில் போய் உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே கோடு விழுந்துவிடும். துடைக்கப் பஞ்சு வேஸ்ட் வேண்டாம், நூல் பிரிந்து ஆயில் துளையில் மாட்டும். பழைய வேட்டித் துணி நல்லது.

பிளாக்கின் கேலரிக்கும் (உள்ளே ஆயில் ஓடும் நீளத் துளை) இதே வேலைதான். அதைக் கழுவ இரண்டு முனையிலும் இருக்கும் பிளக்குகளை எடுத்திருப்பார்கள். எத்தனை எடுத்தார்கள் என்று எண்ணிச் சுவரில் எழுதுங்கள். சிரிக்காதீர்கள், இதில்தான் நான் மாட்டினேன். நாலு வருடத்துக்கு முன்னால் டைமிங் கியர் மூடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பிளக்கைப் போட மறந்து, மூடியையும் மாட்டி, எஞ்சினைப் போட்டிலும் இறக்கிவிட்டோம். ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரில் சுற்றினோம். ஆயில் கேஜ் முள் அசையவில்லை. திரும்ப ஒரு தடவை, அப்போதும் இல்லை. மேஸ்திரி என்னைப் பார்த்து, "தம்பி, அந்த டப்பாவுல ஒரு பிளக்கு கெடந்துச்சே, அது எங்க?" என்றார். டப்பாவைப் பார்த்தேன். அங்கேயேதான் கிடந்தது. முன்பக்கம் ஒரு முழம்கூட இடமில்லாத இடத்தில் புல்லியைக் கழற்றி, மூடியைக் கழற்றி, திரும்ப மாட்ட இரண்டு நாள் ஆனது. டீசலை அடைத்து வைத்துச் சுற்றியதால் எஞ்சின் தப்பித்தது. நேராக ஸ்டார்ட் பண்ணியிருந்தால் சித்தப்பா இன்னும் என்னோடு பேசியிருக்க மாட்டார். இப்போதெல்லாம் போட்டில் இறக்கும் முன்பே, கரையில் ஸ்டாண்டிலேயே ஸ்டார்ட்டர் மாட்டிச் சுற்றி ஆயில் மேலே வால்வைத் தள்ளும் ராக்கர் வரைக்கும் வருகிறதா என்று பார்த்துவிடுகிறோம்.

அடுத்தது பேரிங் இடைவெளி. கிராங்கு 0.25 மி.மீ. அரைத்தார்களா, 0.50 மி.மீ. அரைத்தார்களா என்பதும் பேரிங்கின் முதுகில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தாலும் அளந்து பாருங்கள். பிளாஸ்டிகேஜ் என்று மெழுகு நூல் மாதிரி ஒன்று கிடைக்கும். ஜர்னலை (கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதி) ஆயில் இல்லாமல் துடைத்து, அதன்மேல் ஒரு துண்டை வைத்து, பேரிங் மூடியான கேப்பைப் போட்டு முழு டார்க்குக்கு (போல்ட்டை இறுக்கும் அளவு) இறுக்கிக் கழற்றினால் நசுங்கிய அகலமே இடைவெளியைச் சொல்லும். இறுக்கியிருக்கும்போது கிராங்கைச் சுற்றிவிடக் கூடாது. 70 மி.மீ. ஜர்னலுக்குச் சுமாராக 0.05 முதல் 0.08 மி.மீ. வரைக்கும் வரும். உங்கள் எஞ்சின் கையேட்டில் இருப்பதுதான் கடைசி வார்த்தை. கிராங்கை எல்லா மெயின் பேரிங்கிலும் ஒரே தடவையில் இறுக்காதீர்கள். ஒரு கேப்பை இறுக்கு, கையால் சுற்று, அடுத்த கேப்பை இறுக்கு. எந்தக் கேப்பில் கனம் வருகிறதோ அங்கேதான் கோளாறு. ஏழு கேப்பையும் இறுக்கிவிட்டுக் கிராங்கு சுற்றவில்லை என்றால் எதில் என்று தேட வேண்டியிருக்கும். கிராங்கு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷரில் ஆயில் காடி இருக்கும் முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஈர லைனர் (வெளிப்பக்கத்தை நேராகத் தண்ணீர் தொடும் லைனர்) உள்ள எஞ்சினாக இருந்தால் சம்ப்பைப் போடும் முன் பிளாக்கில் தண்ணீரை நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அடியில் இருந்து பாருங்கள். லைனரின் கீழ் ரப்பர் வளையம் மாட்டும்போது முறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு சொட்டாவது நிற்கும். அப்போதே தெரிந்தால் அரை நாள் வேலை.

பிஸ்டன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மெக்கானிக்குக் கை வந்த வேலை. ஆனால் ரிங் வாய் (ரிங்கின் இரண்டு முனைகள்) இடைவெளியைக் கடைக்காரர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். ரிங்கை லைனருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 100 மி.மீ. போர் (லைனரின் உள்விட்டம்) உள்ள எஞ்சினில், மேலே இருக்கும் ரிங்கில் 0.35, 0.40 மி.மீ. இருந்தால் சரி. குறைவாக இருந்தால் சூட்டில் வாய் முட்டி லைனரைக் கீறும். எழுத்து இருக்கும் பக்கம் மேலே. வாய்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று வரக்கூடாது. கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஒரே எண், ஒரே பக்கம். மாறினால் அந்த ராடு வீண்.

ஹெட் போல்ட்டில் ஒரு விஷயம் மட்டும். போல்ட் போகும் குழி அடி மூடியதாக இருந்தால் அதற்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கி இருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது அது போக இடமில்லாமல் பிளாக்கையே வெடிக்க வைக்கும். டார்க்கும் பொய் காட்டும். காற்று அடித்து உலர்த்தி, போல்ட்டின் புரியில் மட்டும் லேசாக ஆயில் தடவி, நடுவிலிருந்து வெளியே, எல்லா போல்ட்டையும் மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல் "கை பழக்கம்" என்று சொல்பவரிடம் வாதம் வேண்டாம், வாடகைக்கு ஒன்று எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

டைமிங் கியர் குறிகளைச் சேர்த்ததும் மூடும் முன்பு போனில் படம் எடுத்து வையுங்கள். பத்து நாள் கழித்து யாராவது "குறி தப்பியிருக்குமோ" என்று கிளப்பும்போது மூடியைக் கழற்றாமல் பதில் சொல்லலாம். டேப்பட்டுக்கு, சிலிண்டர்கள் 1-5-3-6-2-4 வரிசையில் வெடிக்கும் எஞ்சினில் எளிய வழி: 6-ஆம் சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் மாறிமாறி ஆடும் இடத்தில் நிறுத்தி 1-ஆம் சிலிண்டரின் டேப்பட்டை வையுங்கள். 2-க்கு 5, 3-க்கு 4. தலைகீழாகவும் அப்படியே.

மே மாதத்தில் கரையில் மதியத்துக்கு மேல் சோழகக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும். திறந்த எஞ்சினைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நாங்கள் காலை 6 மணியிலிருந்து 11 வரைக்கும்தான் உள்வேலை பார்ப்போம். அப்புறம் பாலித்தீன் போட்டுக் கட்டிவிட்டு வெளிவேலை.

அந்த வெளிவேலையில் கடல் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரைக் கண்டிப்பாக மாற்றுங்கள். மாட்டும்போது கிரீஸ் தடவ வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். உலர்ந்து சுற்றினால் சீக்கிரம் கருகிவிடும், அதனால் கரையில் ஓட்டிப் பார்ப்பதானால் 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் வைத்துக் குழாயை அதில் விடுங்கள். எஞ்சின் தண்ணீரைக் கடல் தண்ணீரால் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் துத்தநாகத் துண்டுக்குப் புரியில் டேப் சுற்றக் கூடாது. உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் அது உப்புக்குத் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும்.

இனி கப்ளிங், அதாவது கியர் பாக்ஸையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் சேர்க்கும் இணைப்பு. இங்கே என் கணக்கு அப்படியே திரும்பிவிடும்: இதைக் கரையில் முடிக்கவே முடியாது. மரப் படகு இரண்டு மாதம் வெயிலில் காய்ந்திருக்கும். தண்ணீரில் இறக்கினால் பலகை ஊறும், உடம்பு வடிவம் கொஞ்சம் மாறும். கரையில் கட்டையில் உட்கார்ந்திருந்த படகும் மிதக்கும் படகும் ஒன்றல்ல. கரையில் சுமாராகச் சேர்த்து, போல்ட்டை இறுக்காமல் விட்டு, தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டுப் பிறகு ஷாஃப்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே மேல், கீழ், இடம், வலம் நாலு இடத்திலும் ஃபீலர் விட்டுப் பாருங்கள். 125 மி.மீ. கப்ளிங்கில் நாலு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.12 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஷாஃப்டைக் கால் சுற்றுச் சுற்றி இன்னொரு தடவை பாருங்கள். வித்தியாசம் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றினால் கோணல் கப்ளிங்கிலோ ஷாஃப்டிலோ இருக்கிறது, எஞ்சினை நகர்த்திப் பயனில்லை. எங்கள் போட்டில் ஒரு வருடம் கரையில் கச்சிதமாக வைத்து இறுக்கினோம். இறக்கிப் பார்த்தால் அடியில் மட்டும் 0.4 திறந்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் கியர் பாக்ஸ் பின் சீல் ஒரு சீசன் தாங்கியிருக்காது.

ஓட்ட ஆரம்பித்ததும் மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீர்கள், ரிங் லைனரோடு படியாது. மிதமான லோடில் கரைப்பக்கமே ஓட்டுங்கள், வலை இழுப்பது அப்புறம். 50 மணி நேரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டேப்பட்டை ஒரு தடவை பார்த்து, கப்ளிங்கிலும் திரும்ப ஃபீலர் விடுங்கள். ஷாஃப்ட் படகை விட்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் கிளாண்ட் கயிற்றை ஒரு சொட்டும் வராதபடி இறுக்க வேண்டாம். ஓடும்போது நிமிடத்துக்குச் சில துளி விழட்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் சூடாகித் தேயும்.

உங்கள் மூன்று வாரத்தில் கடைசி நாலு நாளைத் தண்ணீருக்கு ஒதுக்கிவிட்டு மீதியைக் கணக்குப் போடுங்கள். கிராங்கைக் கழுவும்போது வரும் முதல் கிண்ணத்தையும் கடைசிக் கிண்ணத்தையும் படம் எடுத்துக் கீழே கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.