உள்ளே போகும்போது போட்ட கையெழுத்து

கேள்வி: நாங்கள் ஈரோட்டில் வசிக்கிறோம். ஐந்து வாரங்களுக்கு முன் உறவினர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்காக, கோவையில் ஒரு மாலில் உள்ள விளையாட்டு மையத்துக்குப் போனோம். டிராம்போலினில் சின்னப் பிள்ளைகளோடு பெரிய பையன்களையும் ஏற விட்டிருந்தார்கள். ஒருவன் குதித்த வேகத்தில் என் ஐந்து வயது மகன் எகிறி, மேலுறை கிழிந்திருந்த இரும்புச் சட்டத்தில் விழுந்தான். இடது முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். "நிர்வாகம் பொறுப்பல்ல என்று கையெழுத்துப் போட்டுத்தானே உள்ளே வந்தீர்கள்?" என்று கேட்கிறார் மேலாளர். ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் 15,000 ரூபாய் தருகிறார்களாம். டிக்கெட் பணம்கூட நாங்கள் கட்டியதில்லை. வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். உள்ளே போகும்போது போட்ட கையெழுத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். இப்போது நீட்டுகிறார்களே, அந்தக் கடிதத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

ஓட்டல் பார்க்கிங் டோக்கனில் 'வண்டி உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டெல்லி தாஜ் மகால் ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், தன் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு அந்த வாசகத்தைக் காட்டி ஓட்டல் தப்பிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காருக்கே அப்படி என்றால் குழந்தைக்குக் கேட்க வேண்டுமா? ஆனால் ஒன்று: பையன் தானாக ஓடி, தானாகத் தடுக்கி விழுந்திருந்தால் உங்கள் வழக்கு பலவீனமானது என்றுதான் சொல்லியிருப்பேன். கிழிந்த மேலுறையும், வயது பார்க்காமல் எல்லோரையும் ஏற்றியதும் அவர்கள் தவறு. வழக்கு அந்த இரண்டின் மேல்தான் நிற்கும்.

சரி, அந்தக் கடிதம். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். வளரும் எலும்பில் முறிவு சரியாகச் சேர்ந்ததா, கை கோணுகிறதா என்பது சில மாதம் கழித்துத்தான் தெரியலாம். அதற்குள் கணக்கை முடித்துக்கொள்ளாதீர்கள். பணம் வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், 'இதுவரை ஆன மருத்துவச் செலவில் ஒரு பகுதி' என்று நீங்களே எழுதி, அதற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

டிக்கெட் விஷயம் தடையே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரும் நுகர்வோர்தான். மகன் மைனர் என்பதால் அவன் சார்பில் நீங்கள் புகார் கொடுக்கலாம். உறவினரிடம் பில்லை வாங்கிவிடுங்கள். வழுக்காத சாக்ஸுக்குத் தனியாகக் காசு வாங்கியிருந்தால் அந்தச் சீட்டையும் சேர்த்து வையுங்கள்.

எனக்குக் கவலை தருவது சிசிடிவிதான். பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிவிடும். ஐந்து வாரம் ஆகிவிட்டது. இன்றே மையத்துக்கும் மால் நிர்வாகத்துக்கும், தேதியும் நேரமும் குறித்து, பதிவை அழிக்காமல் வைக்கும்படி மின்னஞ்சலும் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்புங்கள். பதிவு போய்விட்டது என்று பதில் வந்தால் அதுவும் ஒரு ஆவணம். பிறந்தநாள் விழாவில் எடுத்த வீடியோக்களை எல்லோரிடமும் கேட்டு வாங்குங்கள். கேக் வெட்டும் காட்சிக்குப் பின்னால் அந்தக் கிழிந்த உறை தெரிந்தாலும் தெரியும். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில்கள் எல்லாவற்றையும் வாங்குங்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்று உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துப் பாருங்கள். அவசரத்தில் 'வீட்டில் விழுந்தான்' என்று எழுதப்பட்ட கேஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் புகார் உங்கள் விருப்பம். எலும்பு முறிவு சட்டத்தில் 'கொடுங்காயம்'. பிறர் பாதுகாப்பைப் பொருட்படுத்தாத அஜாக்கிரதையால் அது ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 125-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். யாரையும் உள்ளே தள்ளுவதற்காக அல்ல, சம்பவம் பதிவாகட்டும் என்பதற்காகவாவது புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள் என்பேன்.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் நல்ல வழி. நீங்கள் குடியிருக்கும் ஈரோட்டிலேயே தாக்கல் செய்யலாம். கோவைக்கு அலைய வேண்டாம். கட்டணம் டிக்கெட் தொகையைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது என்பதால் உங்களுக்குச் செலவில்லை. சம்பவ நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும்.

"அம்மா எங்கே இருந்தார்?" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். பந்தியில் இருந்தீர்கள் என்றால் அப்படியே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். பிள்ளைகளைக் கவனிக்க ஆள் வைத்திருப்பதாகச் சொல்லித்தானே அவர்கள் இடத்தை விற்கிறார்கள்? அன்று டிராம்போலின் பக்கத்தில் யார் நின்றார், எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதை, நினைவு மங்குமுன் இன்றிரவே எழுதி வையுங்கள்.