படிக்காத அம்மா

அன்புள்ள ஐயா,

ஈஸ்ட்டை வைத்து மலேரியா மருந்துக்கு வழி செய்த அமெரிக்க விஞ்ஞானி ஜே கீஸ்லிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறேன். உயிர்த்தொழில்நுட்பம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஒரே மூலக்கூறுக்குப் பின்னால் பத்து வருஷம் அலைவது நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகுமா? அம்மா படிக்காதவர், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறவர். அறிவியல் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. 'மெட்டபாலிக் எஞ்சினியரிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

வளர்சிதைமாற்றப் பொறியியல் என்று சொல். உயிரணுவுக்குள் நடக்கும் வேதிமாற்றங்களை நமக்கு வேண்டியபடி திருப்புவது. வாய்க்கு வரவில்லை என்றால் இப்போது நீ எழுதியபடியே சொல். சொல்லுக்காக ஒரு நாளையும் வீணாக்காதே.

போன வாரம் நான் வளர்ந்த தோட்டத்துக்குப் போயிருந்தேன். ரப்பர் போய், எங்கு பார்த்தாலும் எண்ணெய்ப் பனையான செம்பனை. அம்மா வெட்டிய ரப்பர் மர வரிசை எங்கே இருந்தது என்று கூட அடையாளம் தெரியவில்லை. வீடு திரும்பியதும் உன் கடிதம். 'அறிவியல் வாசலை மிதித்ததே இல்லை' என்ற வரியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறை. பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு முடிந்து, இருட்டு விலகாத நேரத்தில் அம்மாவோடு போய், பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்து வைப்பேன். ஒருநாள் உளியைக் கேட்டு வாங்கினேன். நிறையப் பால் வரட்டும் என்று அழுத்திவிட்டேன். பட்டையைத் தாண்டி உளி மரத்தில் இறங்கிவிட்டது. அம்மா உளியைப் பிடுங்கிக்கொண்டார். காயத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா மரம் என்னத்த சாப்பிடும்?"

தினமும் வெட்டினால் பால் கூடும் என்று தோன்றும். சில காலத்தில் பட்டை வறண்டு மரம் பாலே கொடுக்காது. அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள். இலை செய்யும் சர்க்கரையில் மரம் வளரப் பங்கு வேண்டும், மிச்சம்தான் நமக்குப் பால்.

இப்போது கீஸ்லிங்கின் ஈஸ்ட்டுக்கு வா. அங்கேயும் இதே வழக்குதான். ரப்பர் மரம் ஐந்து கார்பன் கொண்ட ஒரு சின்னத் துண்டை ஆயிரக்கணக்கில் கோர்த்துப் பாலில் ரப்பரை உண்டாக்குகிறது. ஈஸ்ட்டும் அதே துண்டைச் செய்கிறது. மூன்றைச் சேர்த்தால் பதினைந்து கார்பன். ஈஸ்ட் அதைக் கொண்டு தன் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைச் செய்துகொள்ளும். ஆய்வாளர்களுக்கோ அதே பதினைந்து கார்பன், மலேரியா மருந்துக்கு மூலப்பொருளான ஆர்ட்டெமிசினிக் அமிலத்துக்கு வேண்டும். ஈஸ்ட்டின் வழியை முற்றாக அடைத்தால் அது பிழைக்காது. திறந்தே விட்டால் மருந்துக்குச் சொற்பம்தான் மிஞ்சும். ஆகவே அந்த வழியை அடைக்காமல், அளவாகக் குறுக்கினார்கள். 2006-இல் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அமிலம் வரை கிடைத்தது. இப்படிப் பல இடங்களில் மாற்றி மாற்றி, 2013-இல் அது 25 கிராமுக்கு வந்தது. எந்த வழியை எவ்வளவு குறுக்குவது என்ற கணக்கில்தான் அந்த வருஷங்கள் போயின. உன் அம்மா உளியை எவ்வளவு ஆழம் இறக்குவது என்று ஒவ்வொரு மரத்திலும் போடுகிற கணக்கு அது.

கீஸ்லிங்கும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். அவர் பிறந்த மண்ணைப் பெருமையாக எழுதுகிறார்கள். நீயோ உன் அம்மாவைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்கிறாய். குனியாதே. படிப்பு வேறு, அறிவு வேறு என்று நானே உன் வயதில் புரியாமல், விண்ணப்பத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அது இன்றும் உறுத்துகிறது.

கட்டுப்படியாகுமா என்று கேட்டாயே. இத்தாலியில் 2013-இல் அந்த முறையில் மருந்து செய்யத் தொடங்கினார்கள். செடியிலிருந்து எடுக்கும் மருந்தின் விலை சரிந்ததும், சில வருஷத்திலேயே உற்பத்தி நின்றது. இதையும் தெரிந்துகொண்டே போய்ச் சேர்.

அதற்கு முன் ஒருநாள் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு அம்மாவோடு போ. வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிறது என்று கேள். பால் குழாய்கள் பட்டைக்குள் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். புத்தகம் சொல்வது அது. உன் அம்மா எப்படிச் சொல்கிறார் என்று அவர் பேச்சிலேயே எனக்கு எழுது.