சேற்று வாடையும் சுளகும்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

வேலை மாற்றலாகி ஜனவரியில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு வந்தோம். இப்போது மார்ச் கடைசி. கார், ஜன்னல், வாசல்படி எங்கும் பைன் மரத்தின் மஞ்சள் மகரந்தம். கடல் வற்றும்போதெல்லாம் வீட்டுக்குப் பின்னாலிருந்து அழுகல் நாற்றம் வேறு. என்ன பார்க்கலாம் என்று கேட்டால் பழைய பண்ணை பங்களாக்களையும் அசேலியாப் பூக்களையும்தான் சொல்கிறார்கள். அந்த இடங்களில் யாரை வைத்து வேலை வாங்கினார்கள் என்று நினைத்தால் அங்கே போய்ப் படமெடுக்க மனம் வரவில்லை. நீங்கள் அங்கே மூன்று வருடம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். மே மாதம் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறாள். எங்கே தொடங்கலாம்?

செ.

அன்புள்ள தம்பி,

அந்த நாற்றத்திலிருந்தே தொடங்குங்கள். ஊர்க்காரர்கள் அதை 'ப்ளஃப் மட்' என்பார்கள், வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் கார் ஜன்னலை இறக்கி அதை மோந்து பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஐந்தடி போல ஏறி இறங்கும் ஊர் அது. இறங்கும்போது தெரிகிற கருஞ்சேற்றில் போன வருடத்து உப்பங்கழிப் புல் மக்குகிற வாடைதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. அங்கே நீங்கள் சாப்பிடப்போகிற இறால், நண்டு, சிப்பி எல்லாம் அந்தப் புல்லையும் சேற்றையும் நம்பித்தான் வளர்கின்றன. ஏப்ரலில் பழுப்புப் புல்லின் தூரிலிருந்து பச்சை மெல்ல மேலே ஏறும். தினமும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

அப்புறம் நண்டு. குளிர் விட்டதும் நீல நண்டுகள் ஓடு கழற்றும், நம் நீலக்கால் நண்டுக்குப் பங்காளி முறை அது. ஏப்ரல் பௌர்ணமியை ஒட்டி நண்டுக்காரர்களுக்கு உறக்கம் கிடையாது. ஓடைக்கரைக் கொட்டகை ஒன்றில் ஒருவர் நண்டைத் தூக்கி அதன் பின்னங்காலை விளக்கில் காட்டினார்: துடுப்பு போன்ற கடைசிக் கணுவின் ஓரத்தில், நூலளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. அது தெரிந்தால் ஓரிரு நாளில் கழற்றிவிடும். கழற்றியதும் எடுத்தாக வேண்டும், தண்ணீரிலேயே விட்டால் சில மணி நேரத்தில் புது ஓடு இறுக ஆரம்பித்துவிடும், அதனால் ராத்திரி முழுக்க தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். செவுளையும் முகத்தையும் வெட்டி நீக்கிவிட்டால், ஓடு, கால் எதையும் ஒதுக்காமல் கடித்துத் தின்னலாம். அங்கே மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். நான் மிளகும் மஞ்சளும் அரிசி மாவும் போட்டுப் பொரித்தேன், அந்த ருசியை இன்னும் மறக்கவில்லை. சில வாரங்களில் முடிந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

இனி, உங்கள் மனம் உறுத்துகிற விஷயம். உறுத்துவது சரிதான். ஆனால் அதற்காக அந்த ஊரையே ஒதுக்கிவிடாதீர்கள், ஏனென்றால் அந்த ஊரின் சாப்பாடு பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் கையிலிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரையிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் அறிவாலும் உழைப்பாலும்தான் சதுப்பை வெட்டி வரப்பு கட்டி, ஆற்று ஏற்றவற்றத்தை மதகு வைத்து அடக்கி, கரோலினா நெல் விளைந்தது. அவர்களுடைய வழிவந்த கல்லா கீச்சி மக்கள் இன்றும் அந்தக் கரையிலும் தீவுகளிலும் தங்களுக்கென்று ஒரு பேச்சுமொழியோடு இருக்கிறார்கள். அவர்கள் சமைக்கும் சிவப்புச் சோறு நம் தக்காளி சாதத்துக்கு ரொம்ப அருகில் வரும், பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், வேண்டாமென்றால் கேட்டுக்கொள்ளுங்கள். எள்ளை 'பென்னே' என்பார்கள், ஆப்பிரிக்கச் சொல், அதைப் போட்ட மெல்லிய பிஸ்கட் கிடைக்கும்.

பக்கத்து ஊரான மவுண்ட் பிளசன்ட்டில் 17-ஆம் நெடுஞ்சாலை ஓரமாக மரப்பந்தல்கள் போட்டு கூடை விற்கும் கல்லா கீச்சிப் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் 'பின்னுகிறேன்' என்று சொல்வதில்லை, 'தைக்கிறேன்' என்பார்கள். ஸ்வீட்கிராஸ் என்கிற மணமுள்ள புல்லைக் கற்றையாகச் சுருட்டிச் சுருட்டி, தேய்த்துக் கூராக்கிய கரண்டிக் காம்பால் துளையிட்டு, பால்மெட்டோ ஓலைக் கீற்றை உள்ளே விட்டு இழுத்து இறுக்குகிறார்கள். பால்மெட்டோவும் நம் பனையும் ஒரே குடும்பம். வசந்தம் முதல் கோடை வரை அந்தப் புல்லைக் கையால் உருவி எடுக்கிற காலம். கடற்கரையெல்லாம் விடுதிகளும் வேலி போட்ட குடியிருப்புகளுமாகிவிட்டதால் புல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. 2006-ல் இந்தக் கூடையை மாநிலத்தின் கைவினை என்று அறிவித்தார்கள். நல்லது, ஆனால் புல் முளைக்க இடம் வேண்டுமே. விலை கேட்டால் திகைப்பாக இருக்கும், பேரம் மட்டும் பேசாதீர்கள், ஒரு கூடைக்கு நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பண்ணைத் தோட்டங்களுக்கும் போங்கள். ஆனால் முதலில் கேட்ஸ்டன் துறையில் 2023-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். கப்பலிலிருந்து மனிதர்களை இறக்கிய இடம் அது. அதன்பின் மிடில்டன் பிளேஸ் என்கிற பழைய பண்ணையில், 1741-ல் தொடங்கி வெட்டிய அந்தப் படிப்படியான புல்சரிவுகளைப் பார்த்தால் யார் மண் சுமந்தார்கள் என்பது தானாகக் கண்ணில் படும். மாலையில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிக்கும்.

அம்மா வந்ததும் அந்தக் கூடைக்காரப் பெண்களிடம் அழைத்துப் போங்கள். அங்கே 'ஃபானர்' என்று வட்டமாக, ஆழமில்லாமல், அகலமாக ஒரு கூடை இருக்கும். உரலில் குத்திய நெல்லைப் புடைக்க அந்தக் காலத்தில் செய்தது. அம்மா கையில் கொடுங்கள், ஒன்றும் சொல்ல வேண்டாம். எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா